தொட்டி நிழலில் இருந்த கூண்டுகள்

இன்று காலை தக்காளிச் செடியின் பக்கக் கொழுந்துகளைக் கிள்ளிவிட்டு வந்தேன். விரல்நுனியெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பிசுபிசுக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாசனை போகவில்லை. செடியைத் தொட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற வாசனை அது. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. முப்பது வருடமாக இதை முகர்ந்துதான் சம்பளம் வாங்குகிறேன். இப்போது அது மூக்கில் ஏறினால் எனக்கு எங்கேயாவது உட்கார வேண்டியிருக்கிறது.

செடி உன்னுடையது. மூன்று வாரத்துக்கு முன்னால் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். தொழிற்சாலையில் ஓய்வு பெற்றுவிட்டார், நீயும் போய் எட்டு மாதம் ஆகிறது, இனி ஆகுர்டியில் யாருக்காக இருப்பது, பொள்ளாச்சிக்கே தம்பி வீட்டோடு போகிறேன் என்றார். எங்கள் ஔந்த் அடுக்குமாடி சொசைட்டி வாசலில் வாட்ச்மேன் அவரை நிறுத்தி வைத்திருந்தான். ஒரு தோளில் துணிப்பை. கையில் பழைய பெயின்ட் வாளி, அதில் இந்தச் செடி. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

"அவ டிராயர்ல ஒரு பொட்டலம் வெதை இருந்துச்சுங்க. சும்மா கெடக்குதேன்னு போட்டு உட்டேன். காய்ச்சுத் தள்ளுதுங்க. லாரில ஏத்துனா தாங்காது, நீங்க வெச்சுக்குங்க," என்றார். பிறகு பையைக் காட்டி, "இதெல்லாம் அவ பேப்பருங்க. எனக்கென்ன புரியும்? எடைக்குப் போட மனசு வரல," என்றார். காப்பி குடித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எந்நேரமும் உங்க பேச்சுத்தானுங்க அவளுக்கு," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விதைப் பொட்டலமும் பைக்குள் இருந்தது. மேலே உன் குண்டுக் கையெழுத்து: 'நோய்ச்செடி விதை'. எழுந்து போய் வாளியைப் பார்த்தேன். ஒரு இலைகூடச் சுருளவில்லை. ஒற்றைச் செடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று இருட்டும் வரை இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிரோடு இருந்தபோது சொல்லாததை, பதில் பேச முடியாத இடத்துக்கு நீ போன பிறகு சொல்வது கோழைத்தனம். கோழை என்றே வைத்துக்கொள். சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆய்வகத்தில் நாம் சேர்ந்தபோது கட்டடம் முழுக்கத் தமிழ் பேச நாம் இரண்டு பேர்தான். நான் திருநெல்வேலி, நீ பொள்ளாச்சி. நான் முதல் நாளே உன்னை 'பிள்ள' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீ கடைசி வரை 'நீங்க', 'அம்மிணி' என்றுதான் பேசினாய். ஒரே வயதுக்காரிக்கு எதற்கடி இந்த மரியாதை என்று நான் சண்டை பிடித்தால், "எங்கூர்ல நாயைக்கூட வாங்க போங்கன்னுதானுங்க சொல்லுவோம். நீங்க ஒண்ணும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்," என்பாய். மராத்தியும் இந்தியும் காதைத் துளைக்கிற அந்த வராந்தாவில் நீ இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்கவே நான் மாடி இறங்கி வருவேன்.

இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை. ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தபோதுதான் நான் அந்தச் சோதனையைச் செய்தேன். தக்காளியின் இலைகளைச் சுருட்டிக் குட்டையாக்கிவிடும் வைரஸ், வெள்ளை ஈ கடித்துப் பரவுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. விதை வழியாகவும் போகுமா என்பதுதான் கேள்வி. நோய்ச் செடியின் விதையை எடுத்து, ஈ நுழைய முடியாத மெல்லிய வலைக்கூண்டுக்குள் விதைக்க வேண்டும். கூண்டுக்குள் ஒரு மஞ்சள் பசை அட்டையைத் தொங்கவிட வேண்டும். தப்பித் தவறி ஈ நுழைந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். அட்டை சுத்தமாக இருந்து செடி சுருண்டால், வைரஸ் விதையிலிருந்துதான் வந்தது என்று சொல்லலாம். அட்டையில் ஈ இருந்தால் அந்தக் கூண்டையே கணக்கில் சேர்க்கக் கூடாது. இதில் சமாதானத்துக்கே இடமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாம் கூண்டின் அட்டையில் இரண்டு வெள்ளை ஈக்கள் இருந்தன. சுருண்ட செடிகளில் பெரும்பாலானவை அந்தக் கூண்டில்தான் இருந்தன. அதைத் தூக்கிப் போட்டால் என்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அட்டையைக் கழற்றி, இரண்டாக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். புது அட்டையைத் தொங்கவிட்டேன். அப்போது பின்னால் பூவாளியோடு நீ வந்தாய்.

"அட்டையில ஏதாச்சும் இருந்துச்சுங்களா அம்மிணி?"

"ஒண்ணுமில்ல பிள்ள."

பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, பதிவேட்டை எடுத்து, 'கூண்டு 3, சுத்தம்' என்று எழுதினாய். பொய் என்னுடையது, கையெழுத்து உன்னுடையது.

கட்டுரை வெளிவந்தது. உன் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "நான் தண்ணிதானுங்க ஊத்துனேன்," என்று சிரித்தாய். கடவுளே, அந்த மட்டிலாவது நீ தப்பித்தாய்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. நீ கல்யாணமாகி ஆகுர்டிக்குப் போய், அங்கே ஒரு கல்லூரியில் ஆசிரியையானாய். என் கட்டுரையின் ஓட்டம் மட்டும் நிற்கவே இல்லை. விதையைப் பற்றி எவர் எழுதினாலும் முதல் பத்தியில் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்கள். மேற்கோள்கள் ஏறின. பதவி உயர்வுக்கான படிவத்திலும், வெளிநாட்டுக் கூட்டத்துக்கான அழைப்பிலும், எல்லாவற்றிலும் முதலில் நின்றது அதுதான். பிறகு நான் செய்த வேலைகள் நேர்மையானவை, இதையும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவற்றை யார் சீந்தினார்கள்?

ஞாயிறு தவறாமல் நீ லோக்கல் ரயில் பிடித்து வருவாய். கேம்ப் பகுதியில் அந்தப் பழைய சாயாக் கடையில் பன் மஸ்காவும் டீயும். உட்கார்ந்ததும் போனை எடுத்து என் பக்கத்தைத் திறந்து மேற்கோள் எண்ணிக்கை பார்ப்பாய். எனக்கு வருகிற பெருமையைவிட உனக்குத்தான் அதிகம்.

"ஏனுங்க, என்ற பிபி மாதிரி உங்க சைட்டேஷன் ஏறிட்டே போகுதுங்க."

"ஒனக்கு வேற சோலி இல்லையா பிள்ள? ஒன்னோடது எவ்வளவு?"

"என்றதுங்களா? முட்டை. பசங்களுக்கு மார்க் போடற கைக்கு அதுதானுங்க வரும்."

சொல்லிவிட்டு என் பன்னிலிருந்த வெண்ணெயையும் வழித்து எடுத்துக்கொள்வாய். நானும் சிரிப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு அந்த நாட்களில் குறுகுறுக்கக்கூட இல்லை. பழகிப்போயிருந்தது.

பிறகு நீ என்ன செய்தாய் என்றால், என் பெருமையை மாணவர்களுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று அதே சோதனையைக் கல்லூரி மொட்டைமாடியில் திருப்பிச் செய்தாய். கொசுவலைக் கடையில் இருந்ததிலேயே நெருக்கமான துணி வாங்கி நீயே தைத்த கூண்டுகள். ஒரு செடிகூடச் சுருளவில்லை. பதறிப்போய் என்னிடம்தான் வந்தாய். "என்ற கைப்பக்குவந்தான் சரியில்லைங்களோ என்னமோ. எங்க தப்புப் பண்றேன்னு வந்து பாருங்க," என்றாய்.

வந்து பார்த்தேன். நல்ல வைகாசி வெயில். உன் கூண்டுகளில் ஒரு குறையும் இல்லை. தையல் மேல் தையல், அதன்மேல் பசை, வாசலுக்கு இரட்டைத் திரை. மாடியில் வேறெங்கும் கால் வைக்க முடியாததால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நீ கட்டி வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். மாவடு வைத்திருந்தாய். மத்தியானம் வரைக்கும் இந்த இடம் குளுகுளுவென்றிருக்கும், பசங்க இங்கேதான் வந்து படிப்பார்கள் என்றாய். எல்லாம் சரியாக இருக்கிறது, நான்தான் தப்பு என்று சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் எனக்கு வாய்த்திருக்காது. "இன்னும் ரெண்டு பருவம் செஞ்சு பாரு பிள்ள," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன்.

செய்தாய். இரண்டல்ல, மூன்று பருவம். சந்தேகம் தீர்ந்ததும் எழுதி ஒரு பெரிய ஆய்விதழுக்கு அனுப்பினாய். அந்த இதழாசிரியர் அதை, பெயர் வெளியே தெரியாமல் மதிப்பிட, யாருக்கு அனுப்புவார்? இந்த விஷயத்தில் பெரிய ஆள் யாரோ அவருக்கு. எழுதியவர் என் தோழி, மறுக்கப்படுவது என் கட்டுரை, நான் இதைப் பார்ப்பது முறையல்ல என்று ஒரு வரி பதில் போட்டிருந்தால் போதும். போடவில்லை. ஒப்புக்கொண்டேன். நான்கு நாளில் விமர்சனத்தை எழுதியும் வைத்துவிட்டேன். உடனே அனுப்பினால் அவசரப்பட்டதாகத் தெரியும் என்று இரண்டரை மாதம் என் கணினியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

அது வந்து சேர்ந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். சாயாக் கடைக்குள் வரும்போதே காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தாய். "ரெவியூவர் கெட்டிக்காரருங்க அம்மிணி. திட்டவே இல்ல, கேள்விதான் கேட்டிருக்கார்," என்று சொல்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தாய். நான் எழுதியதை நீ வாசிக்க நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது கேள்விக்கு வந்தாய். கூண்டுகளின் மேல் மதியம் வரை தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுவதால் செடிகளுக்குப் போதிய வெயில் கிடைத்திருக்காது, வைரஸ் உள்ளே இருந்தும் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து போயிருக்கலாம் என்றிருந்தது அதில்.

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கட்டுரையில் வலைக்கூண்டு என்றுதான் இருந்தது. மொட்டைமாடி என்றுகூட நீ எழுதவில்லை. தொட்டியைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்த நிழலில் உட்கார்ந்து மாவடு கடித்தவளுக்கு மட்டுமே அது தெரியும். டம்ளரை வைக்கப் போய் டீயைத் தட்டில் கொட்டிவிட்டேன்.

"நெழலு படுதுன்னு எழுதியிருக்கார் பாருங்க. நெசந்தானுங்களே," என்றாய். அவ்வளவுதான். கடைப் பையனிடம் இன்னொரு டீ சொன்னாய். பிறகு காகிதத்தை என் பக்கமாகத் தள்ளினாய். "இதுக்கெல்லாம் பதில் எழுத எனக்கு இங்கிலீஷ் பத்தாதுங்க. ஒத்தாசை பண்ணுங்க அம்மிணி."

என் கேள்விகளுக்கு நானே பதில் எழுதித் தந்தேன். நன்றாகவே எழுதினேன். திருத்திய பிரதி ஒரு மாதத்தில் மறுபடியும் என்னிடமே வந்தது. என் கையால் எழுதிய அந்தப் பதில்களைப் படித்துப் பார்த்து, 'விளக்கங்கள் திருப்தி அளிக்கவில்லை' என்று எழுதி அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். மனுஷி செய்கிற காரியமா இது? நான் செய்தேன். உன்னை அப்போது பிடிக்காமல் போயிருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு உன் மகளுடைய பிறந்த நாளுக்குச் சுடிதார் துணி எடுத்துக்கொண்டு வந்தேன்.

நீ புலம்பவில்லை. "சேரி, உடுங்க," என்றாய். அதோடு முடிந்தது என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் ஒன்றரை வருடம் கழித்து, யாரும் அதிகம் பார்க்காத ஒரு கல்லூரி ஆய்விதழில் அதை வெளியிட்டு, அச்சுப் பிரதியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாய். அதே கடை, அதே மேசை. "சாவகாசமாப் படிங்க," என்றாய். நான் அதை அலுவலக அறையின் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பத்து நாள் கழித்து நீ கேட்டபோது, "படிச்சேன் பிள்ள, நல்லா வந்திருக்கு," என்றேன். உன் முகம் ஏதோ எதிர்பார்த்து என்னைப் பார்த்தது. பாராட்டு போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு," என்று சேர்த்துச் சொன்னேன். நீ பேச்சை மாற்றி, ஜுன்னர் பக்கம் ஒரு விவசாயி வீட்டு விதையையெல்லாம் தீயில் போட்டுவிட்டுக் கடை விதைக்குக் கடன் வாங்கியிருக்கிறான், பாவம் என்று சொல்ல ஆரம்பித்தாய். எந்தக் கையேட்டைப் படித்து, யார் கட்டுரையை நம்பி என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்றுகூட, "இப்ப எவ்வளவுங்க எண்ணிக்கை?" என்று கேட்டாய். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

உன் வீட்டுக்காரர் கொண்டுவந்த பையில் உன் கட்டுரையின் பிரதி ஒன்று இருந்தது. அன்றைக்குத்தான், பால்கனியில் உன் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் முறையாக அதைப் படித்தேன். மூன்று பருவம் முடிந்த பிறகு கூண்டுகளை வெயிலுக்கு நகர்த்தி நாலாவதாகவும் ஒரு பருவம் செய்திருக்கிறாய். முடிவு மாறவில்லை. கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. மூன்றே வாக்கியம். 'கூண்டுகளின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்ததைச் சுட்டிக்காட்டிய, பெயர் அறியாத மதிப்பாய்வாளருக்கு நன்றி. அவர் சொல்லாதிருந்தால் வெயிலில் வைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.' அதற்கு அடுத்த வரியில் என் பெயரைப் போட்டு, மதிப்பாய்வாளருக்குப் பதில் எழுத உதவியதற்காக எனக்கு நன்றி.

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு நன்றி. அச்சடித்து, என் கையிலேயே கொடுத்து, சாவகாசமாகப் படிக்கச் சொல்லி, நாலு வருடம் ஞாயிறுதோறும் எதிரே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாய். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. நான் அழுதேன் என்று எழுதினால் அதுவும் எனக்கே அனுதாபம் தேடுகிற மாதிரி இருக்கும். வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. நிறுவனத்தில் ஒரு மலர் போடுகிறார்கள், என் கட்டுரைப் பட்டியலோடு. தொகுக்கிறவள் சென்னையிலிருந்து வந்திருக்கிற இளைய விஞ்ஞானி. அவளைக் கூப்பிட்டு, "முதல் கட்டுரையை எடுத்துருமா," என்றேன். "மேடம், அதை எடுத்துட்டா மிச்சம் என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள், உள்ளதைத்தானே சொன்னாள்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த மஞ்சள் அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்காதே, தெரியாது. வீடு மாறும்போதெல்லாம் என்னோடு வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். பசை காய்ந்து பழுப்பாகிவிட்டது, இரண்டு ஈயும் இருக்கின்றன. அதைப் படமெடுத்து, நடந்ததை மறைக்காமல் எழுதி, என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அதை வெளியிட்ட ஆய்விதழுக்குக் கடிதம் அனுப்பினேன். பதிவேட்டில் எழுதியவருக்கு இதில் எதுவும் தெரியாது என்று தனியாக ஒரு வரி. மேற்கோள் பட்டியலில் ஒரே ஒரு கட்டுரை, உன்னுடையது. உன் முட்டையை நான் உடைத்துவிட்டேன் பிள்ள, எண்ணிப் பார்க்க நீதான் இல்லை.

மறுநாளே பதில் வந்தது. தங்கள் கடிதம் இரண்டு மதிப்பாய்வாளர்களின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது, அவர்கள் பெயரை வெளியிட இயலாது, பொறுத்திருக்கவும் என்று. பதினாறு நாள் ஆகிறது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன். இன்றும் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் அதை மேசையில் போட்டு வைத்திருக்கிறார். உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த இரண்டரை மாதம் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் போனைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் வரலீங்க அம்மிணி," என்பாய். எழுதி முடித்ததை என் கணினியில் வைத்துக்கொண்டு, உன் கண்ணைப் பார்த்து, "வரும் பிள்ள, பொறு," என்பேன்.